கோச்சுக்கு ஆள் நின்றவர்

என் அண்ணன் வாழ்நாளில் ஒரு முறைகூடப் பந்தை நேராக உதைத்ததில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு தடவை ஆட்டத்தில் சேர்த்தார்களாம். பந்து ஒரு பக்கம் வர, இவன் இன்னொரு பக்கம் காலை வீச, செருப்பு பறந்து போய் வாத்தியார் மேல் விழுந்ததாம். இதை அவனே சொல்லிச் சிரிப்பான். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், ஐரோப்பாவில் எங்கோ இருக்கிற ஒரு குழுவுக்கு யாரை முன்னால் விட வேண்டும், யாரை உட்கார வைக்க வேண்டும் என்று ஜமுனாமரத்தூர் கடைத்தெருவில் நின்று உத்தரவு போடுவான். அந்தக் குழுவின் பயிற்சியாளருக்குத்தான் தனக்கு இப்படி ஒரு மேலதிகாரி இருப்பது கடைசிவரை தெரியாமல் போய்விட்டது.

சிவப்புச் சட்டை போட்ட குழு அது. பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் அதற்கும் நாலு பேர் சண்டைக்கு வருவார்கள். அது ஜெயித்தால் அண்ணன் "ஜெயிச்சிட்டோம்" என்பான். தோற்றால் "தோத்துட்டோம்" என்று சொல்லிவிட்டுச் சோறு வேண்டாம் என்று படுத்துக்கொள்வான். அம்மா பதறிப்போய், "இன்னாடா ஆச்சு, ஒடம்பு சரியில்லியா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். சாமை சுத்தமாகக் காய்ந்துபோன வருஷத்தில்கூட அவன் ஒரு வேளைச் சோற்றைத் தள்ளியதில்லை.

அண்ணன் போளூருக்கும் மலைக்கும் ஜீப் ஓட்டுகிறான். அவனைப் போல ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். ஆட்டம் இருக்கிற நாளில் எல்லாரும் கடைத்தெருவில் ஒரு செல்போன் கடையில் கூடுவார்கள், ஏனென்றால் எங்கள் பக்கத்துக் குக்கிராமங்களில் நெட் வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. அந்தக் கடையில் ஒரு டிவி உண்டு. டிவியில் வர்ணனை ஆங்கிலத்தில் ஓடும். அது யாருக்கும் புரியாது என்பதால் சத்தத்தைக் குறைத்துவிட்டு இவர்களே வர்ணனை செய்வார்கள். ஆட்டத்தைப் பார்க்கிற நேரத்தைவிட ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கத்துகிற நேரம்தான் அதிகம். முடிந்த பிறகு, போனில் ஒரு நிமிஷத் துண்டுகளாகக் கோல் விழுந்ததை மட்டும் மறுபடி மறுபடி பார்த்து, ஒரு வாரத்துக்குப் பேசுவார்கள். பயிற்சியாளரை வேலையை விட்டுத் தூக்குவார்கள், செவ்வாய்க்கிழமை மறுபடி வேலையில் சேர்ப்பார்கள்.

அந்தக் கடைக்காரர்தான் எனக்குப் பேசி முடித்த மாப்பிள்ளை.

எனக்குப் பிடித்துத்தான் சரி சொன்னேன். இதை மறைத்து எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. நான் மகளிர் குழுவின் சாமை அரைக்கிற மிஷினைப் பார்த்துக்கொள்கிறேன். ஒரு நாள் என் போன் சாமைத் தொட்டிக்குள் விழுந்துவிட்டது. அவர் கடையில் கொடுத்தேன். மறுநாள் போனைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தையும் நீட்டினார். பிரித்தால், போனுக்குள்ளிருந்து பொறுக்கியெடுத்த சாமை. "இதுவும் உங்க சரக்குதான்" என்றார். அந்த நிதானம் எனக்குப் பிடித்தது. அடுத்த மாதம் அவர் வீட்டார் பெண் கேட்டு வந்தபோது, அம்மா என்னைக் கேட்குமுன்னே தலையாட்டிவிட்டேன். வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள். அறுப்பு முடிந்ததும் கல்யாணம் என்று பேச்சு.

வெற்றிலை மாற்றிய இரண்டாவது வாரம் சிவப்புச் சட்டைக் குழு ஒரு ஆட்டத்தில் தோற்றது. ஒரு கோல் முன்னால் இருந்தார்கள். அறுபது நிமிஷம் போல ஆனதும், பயிற்சியாளர் பத்தாம் நம்பர் ஆட்டக்காரனை வெளியே எடுத்துவிட்டு வேறு ஒருவனை இறக்கினார். அப்புறம் எதிராளி இரண்டு கோல் போட்டுவிட்டான். நடந்தது இவ்வளவுதான். கடல் தாண்டி, பாலைவனம் தாண்டி, அங்கே குளிரில் பதினொரு பேர் தோற்றதற்கு இங்கே என் கல்யாணத்தில் கை வைத்தார்கள்.

அண்ணனுக்குப் பத்தாம் நம்பர்தான் சாமி. அவனை எடுத்த பயிற்சியாளர் முட்டாள், துரோகி, எதிராளியிடம் விலை போனவன் என்றான். கடைக்காரரோ பயிற்சியாளர் பக்கம். பத்தாம் நம்பர் சோம்பேறி, பந்து போனால் பின்னால் ஓடி வரமாட்டான், நின்று வேடிக்கை பார்ப்பான், அவனை முதல் பாதியிலேயே எடுத்திருக்க வேண்டும் என்றார். இரண்டு பேரும் ஒரே குழுவின் ரசிகர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். எதிர்க் குழுவாக இருந்தாலாவது ஒரு நியாயம் இருக்கும்.

திங்கள்கிழமையும் பேசினார்கள், புதன்கிழமையும் பேசினார்கள். சனிக்கிழமை அவர், "உன் ஆளு நொண்டி மாடு மச்சான், சந்தைக்கு ஓட்டிக்கினு போனாகூட எவனும் கை வைக்க மாட்டான்" என்றிருக்கிறார். அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஆள மதிக்கத் தெரியாதவன் வூட்டுக்கு என் தங்கச்சிய அனுப்ப மாட்டேன்" என்று கடைத்தெருவில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். வீட்டுக்கு வந்து அதை ஒரு வீரச் செயல் மாதிரி எங்களிடம் சொன்னான்.

"எந்த ஆள மதிக்கலன்னு சொல்ற?" என்று கேட்டேன்.

"பத்தாம் நம்பர."

"அவன் நமக்கு இன்னா முறை வேணும்?"

"உனக்கு சொன்னா புரியாது, வுடு" என்றான்.

மாப்பிள்ளை வீட்டாரும் விடவில்லை. பந்தலுக்கு நாள் குறிக்க வருகிறோம் என்று சொன்ன நாளில் வரவில்லை. மன்னிப்புக் கேட்டால்தான் வருவோம் என்று ஆள் சொல்லி அனுப்பினார்கள். அண்ணன், மன்னிப்பு அங்கிருந்துதான் வர வேண்டும் என்றான். மூன்று வாரம் இப்படியே போனது. அவர் எனக்குப் போன் செய்வதையும் நிறுத்திவிட்டார். நான் ஒரு முறை கூப்பிட்டபோது, "முதல்ல உங்கண்ணன் வாய அடக்கச் சொல்லு" என்று வைத்துவிட்டார். அன்று மிஷினில் கல் நீக்காமலே ஒரு மூட்டையை அரைத்துவிட்டேன். மகளிர் குழுத் தலைவி திட்டினாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெற்றிலை மாற்றிய பிறகு இரண்டு வீட்டாரும் பேச்சை நிறுத்திக்கொண்டால், அதை ஊர்க் கூட்டத்தில் வைத்துப் பேசித் தீர்க்காமல் கல்யாணம் செய்யக்கூடாது. நிலத் தகராறு, குடி, பழைய பகை என்று வருகிற வழக்குகளைக் கேட்டுக் காது காய்த்தவர்கள் எங்கள் பெரியவர்கள். அவர்கள் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் இந்த வழக்கு வந்தது. இரண்டு ஊர் ஆட்களும் கூடியிருந்தார்கள். ஆண்கள் கல் மேலும் பாய் மேலும் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் பெண்கள் தள்ளி, கோயில் சுவரோரம் நின்றோம்.

ஊர் நாட்டார்தான் வழக்குக் கேட்பவர். அவருக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை.

"கோச்சுன்னா யாரு?"

"ஆட்றவங்கள பாத்துக்கறவரு, நாட்டாரே" என்றார் கடைக்காரர்.

"மேய்க்கறவனா?"

"அப்டித்தான்னு வச்சிக்குங்க."

"சரி. மேய்க்கறவன் ஒருத்தன ஓரங்கட்டிட்டான். அது சரியா தப்பான்னு ரெண்டு வூட்டுக்கும் சண்ட. அந்த மேய்க்கறவன் வந்திருக்கானா?"

கூட்டத்தில் யாரோ கனைத்தார்கள். "அவரு சீமையில இருக்காரு நாட்டாரே" என்றான் அண்ணன்.

"ஆள் இல்லாம ஒருத்தன குத்தம் சொல்ற பழக்கம் நம்ம மலையில இல்ல. அவனுக்கு யாரு ஆள் நிக்கறது?"

ஆள் நிற்பது என்றால், வழக்கில் சம்பந்தப்பட்டவன் காய்ச்சலில் கிடந்தாலோ, கேரளாவுக்கு வேலைக்குப் போயிருந்தாலோ, அவனுக்குப் பதிலாக வேறொருவர் கூட்டத்தில் நிற்பது. நிற்கிறவர் "அவன் செய்தான்" என்று சொல்லக்கூடாது. "நான் செய்தேன்" என்றுதான் சொல்ல வேண்டும். சொல்கிற பேச்சும் வருகிற தீர்ப்பும் வராதவனுக்கு உரியவை. எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றிய நல்ல வழக்கம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அன்று நாட்டார் அதைச் சொன்னதும், எனக்குப் பேசிய மாப்பிள்ளை எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "கோச்சுக்கு நான் ஆள் நிக்கிறேன்" என்றார். அண்ணன் விடுவானா? "பத்தாம் நம்பருக்கு நான் ஆளு" என்று துள்ளி எழுந்தான்.

இரண்டு பேர் முகத்திலும் அப்போது வந்த களையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. வாழ்க்கை பூரா எதற்கு ஏங்கினார்களோ அது ஊர்க் கூட்டத்திலேயே கிடைத்துவிட்டது. செல்போன் கடைக்காரர் சிவப்புச் சட்டைக் குழுவின் பயிற்சியாளர் ஆகிவிட்டார். ஜீப் ஓட்டுகிறவன் உலகத்தின் பெரிய ஆட்டக்காரர்களில் ஒருவன் ஆகிவிட்டான்.

"நான் உன்ன எதுக்கு வெளிய எடுத்தேன்? நீ நடந்துக்கினு இருந்த" என்றார் அவர்.

"நான் எங்க நடந்தேன்? எனக்கு ஒருத்தன் பந்து குடுக்கல. பந்து குடுத்திருந்தா இன்னும் ரெண்டு போட்டிருப்பேன்" என்றான், தொப்பையைத் தள்ளிக்கொண்டு என் அண்ணன்.

"போன மேட்ச்லயும் இதே கதைதான் சொன்ன. நான் எத்தினி தடவ உனக்கு சான்ஸ் குடுக்கறது?"

"உனக்கு என் மேல பொறாம. அதான் ரெண்டு வருஷமா என்ன ஓரமா ஆட வைக்கிற."

பெரியவர்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களும் இரண்டு கட்சியாகிவிட்டார்கள். "ஆடிக்கினு இருந்த புள்ளைய எதுக்குப்பா புடிச்சு இழுக்கணும்?" என்றார் ஒருவர். "மேய்க்கறவனுக்குத் தெரியாதா எத ஓட்டணும் எத நிறுத்தணும்னு?" என்றார் இன்னொருவர். அரை மணி நேரம் ஓடியது. கல்யாணம் என்கிற சொல் யார் வாயிலும் வரவில்லை. பக்கத்தில் நின்ற அத்தையிடம், "இவங்க எதுக்கு வந்தாங்கன்னு இவங்களுக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். "சும்மா இருடி" என்றாள். அவளும் சுவாரஸ்யமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசியில் நாட்டார் கையை உயர்த்தினார். "ரெண்டு பேரும் பேசறதெல்லாம் வாய்க்கு வந்த பேச்சு. பந்து ஆடித் தெரிஞ்சவங்க யாராச்சும் பாத்துச் சொல்லணும். யாரு ஆடியிருக்கீங்க?" என்றார்.

ஒரு ஆண்பிள்ளையும் கை தூக்கவில்லை. சனிக்கிழமை தவறாமல் உத்தரவு போடுகிற ஏழெட்டுப் பேரும் அங்கேதான் இருந்தார்கள். ஒருவன் தரையைப் பார்த்தான், ஒருவன் போனைப் பார்த்தான். என் தாய்மாமன்தான், "ஏன், நம்ம பொண்ணு ஆஸ்டல்ல படிச்சப்ப நாலு வருஷம் ஆடுச்சே. திருவண்ணாமல வரைக்கும் போயி ஆடினாளே" என்றார்.

அப்படித்தான் என் கல்யாண வழக்கில் முதல் தடவையாக என்னைக் கூப்பிட்டார்கள், அதுவும் கல்யாணத்தைப் பற்றிக் கேட்பதற்கு இல்லை.

யாரோ போனில் இறக்கி வைத்திருந்த முழு ஆட்டத்தையும் எடுத்துக் கொடுத்தார்கள். நாட்டாரும் நானும் குனிந்து பார்த்தோம். பத்தாம் நம்பரை வெளியே எடுக்கிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலிருந்து ஓடவிட்டேன். அவன் வலது ஓரமாக ஓடினான். பாதி ஓட்டத்தில் ஒரு குலுக்கல். நின்றான். பின்தொடையைப் பிடித்தான். ஓரத்தில் நிற்கிற பயிற்சியாளரைப் பார்த்து, கையை இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டினான். அப்புறம் தலையைத் தொங்கப்போட்டு நடந்தான். அடுத்த இரண்டு நிமிஷத்தில் அவனை எடுத்துவிட்டார்கள்.

எனக்கு அந்த வலி தெரியும். பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு ஆட்டத்தில் அதே இடத்தில் எனக்குச் சதை கிழிந்தது. பின்னாலிருந்து யாரோ கல்லெறிந்த மாதிரி இருக்கும். திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். மறுபடி தரையில் காலை ஊன்றவே பயமாக இருக்கும். நானும் அப்படித்தான் கையைக் காட்டினேன்.

நிமிர்ந்து சொன்னேன். "யாரும் அவர எடுக்கல நாட்டாரே. அவரே கேட்டுத்தான் வெளிய போனாரு. தொடையில சதை புடிச்சிருக்கு. மாத்துங்கன்னு கையக் காட்றாரு பாருங்க. கோச்சு மேலயும் தப்பில்ல, அவரு மேலயும் தப்பில்ல. இவங்க ரெண்டு பேரும் மூணு வாரமா ஆட்றவன பாக்கவே இல்ல."

ஒரு நிமிஷம் கூட்டமே என் கையிலிருந்த போனை எட்டிப் பார்த்தது. அந்த ஒரு நிமிஷத்தை நான் இன்னும் விரும்புகிறேன்.

அண்ணன்தான் முதலில் சிரித்தான். "தொடையாவது ஒண்ணாவது! அது சாக்ஸ இழுத்து வுடறான்" என்றான்.

உடனே கடைக்காரரும் சிரித்தார். "அதெல்லாம் டைம் கடத்தற டெக்னிக்கு மச்சான். இதுக்கு இன்னா தெரியும்? ஏதோ ஆஸ்டல்ல ஆடினத வச்சிக்கினு சொல்லுது."

"அத சொல்லு மாப்ள. பொம்பளைங்க ஆட்டமும் இதுவும் ஒண்ணா?"

மூன்று வாரமாக வாயில் வராத மச்சானும் மாப்ளையும் அவ்வளவு சுலபமாக வந்துவிட்டன. கூட்டமே சிரித்தது. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். ஆள் நின்றதையும் மறந்தார்கள், வழக்கையும் மறந்தார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது என்கிற ஒரு விஷயத்தில் இரண்டு பேருக்கும் கருத்து வேற்றுமையே இல்லை. நாட்டார், "பேச்சு வந்துட்ச்சி இல்ல, வழக்கு முடிஞ்சுது. நாள குறிங்க" என்று எழுந்தார். அத்தை என் முதுகைத் தட்டி, "நல்ல வேள நீ வாயத் தொறந்த, கல்யாணம் பொழச்சுது" என்றாள். அவள் கிண்டலாகச் சொல்லவில்லை.

அண்ணன் சிரித்தது எனக்கு ஒன்றும் இல்லை. அவன் பிறந்ததிலிருந்து அப்படித்தான். அவர் சிரித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் கண்ணில் தண்ணீர் வந்தது. தெரியாதவளா நான் என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டு நடந்தேன். இருந்தாலும் அவருக்காக ஒரு சாக்குத் தேடினேன். கூட்டத்துக்கு நடுவில் ஆண்பிள்ளை என்ன செய்வார், சமாதானம் ஆக வேண்டும் என்றுதான் சிரித்திருப்பார், தனியாகப் பேசும்போது சரியாகப் பேசுவார் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வாரம் பந்தலுக்கு நாள் குறித்தார்கள். அம்மா ஒடுகத்தூருக்குப் போய்ப் பாத்திரம் பார்த்துவிட்டு வந்தாள்.

அடுத்த வாரம் ஒரு காலையில் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் போன் வந்தது. மிஷினை நிறுத்திவிட்டு எடுத்தேன்.

"விஷயம் தெரியுமா?" என்றார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "பத்தாம் நம்பருக்குத் தொடையில சதை கிழிஞ்சிருக்காம். ரெண்டு மாசம் ஆட முடியாதாம். மேட்ச் முடிஞ்ச மறுநாளே டீம்ல அறிவிச்சிட்டாங்களாம், கோச்சுதான் அவன ஒதுக்கி வச்சிருக்காருன்னு நெனச்சிக்கினு நாங்கதான் பாக்கல. அவனே கைய காட்டித்தான் வெளிய வந்தானாம்."

இப்போது சொல்லுவார் என்று காத்திருந்தேன். நீ சொன்னது சரி என்று ஒரு வார்த்தை போதும். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. கூட்டத்தில் சிரித்ததையெல்லாம் அந்த ஒரு வார்த்தைக்கு விட்டுக்கொடுத்திருப்பேன்.

"பாத்தியா? கோச்சு மேல தப்பே இல்லன்னு நான் முதல் நாள்லேர்ந்து சொன்னேன். நான் சொன்னதுதான் சரியாப் போச்சு" என்றார்.

"கூட்டத்துல நான் இன்னா சொன்னேன்?" என்று கேட்டேன்.

"நீயா? நீ ஏதோ சொன்ன… அத வுடு. உங்கண்ணன் பக்கத்துல இருக்கானா? காலையிலேர்ந்து கூப்பிடறேன், எடுக்க மாட்டறான். அவன்கிட்ட போன குடு, இன்னிக்கு அவன நாறடிக்கணும்."

அண்ணன் இங்கே இல்லை என்று சொல்லிவிட்டு வைத்தேன். மிஷினைப் போட்டேன். மிச்சமிருந்த இரண்டு மூட்டையையும் கல் நீக்கி ஒழுங்காக அரைத்து முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். அம்மா பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று அவளிடம் சொன்னேன்.

அழுதாள், திட்டினாள், அப்புறம் காரணம் கேட்டாள். சொன்னேன். அவளுக்குப் புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது. அவர் வீட்டிலிருந்து இரண்டு முறை ஆள் வந்தார்கள். மூன்றாம் முறை அவரே வந்து, "நான் இன்னா தப்பு பண்ணேன், அத சொல்லு" என்று கேட்டார். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். நான் சொன்னதைக் கேட்டு முடித்துவிட்டு, "இதுக்கா?" என்றார்.

அண்ணன்தான் குதித்தான். வீடே அதிரக் கத்தினான். "ஊரு சிரிக்குது! ஒரு பந்தாட்டத்துக்காவ எவளாச்சும் கல்யாணத்த நிறுத்துவாளா?"

அவன் முகத்தையே பார்த்தேன். அதில் விளையாட்டு இல்லை, நடிப்பு இல்லை. மூன்று வாரம் தானும் அதையேதான் செய்தான் என்பது அவன் நினைவின் ஒரு மூலையிலும் இல்லை.

இன்றைக்கும் சுற்று வட்டாரத்தில் என்னை யாருக்காவது அடையாளம் காட்ட வேண்டுமென்றால், பந்தாட்டத்துக்காகக் கல்யாணத்தை நிறுத்தினாளே, அவள்தான் என்கிறார்கள். அண்ணனும் அவரும் சனிக்கிழமை தவறாமல் அந்தக் கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிறார்கள்.